ஜெனரேட்டர் வாங்கப் போறீங்களா? கம்ப்ரசரோட ரெண்டாவது ஸ்டார்ட்டைப் பாருங்க

கொஞ்சம் கோபத்துலதான் எழுத உட்கார்ந்திருக்கேன்.

என் சித்தப்பா மகன் நாமக்கல் பக்கத்துல பஞ்சர் கடை வச்சிருக்கான். பைக், ஆட்டோ, கார், சின்ன சரக்கு வண்டி வரைக்கும் பார்ப்பான். 2 எச்.பி. கம்ப்ரசர், சிங்கிள் பேஸ், பெல்ட் போட்டது. பராமரிப்புப் பணின்னு ஈபியில காலையில 9 மணிக்கு கரண்ட்டை நிறுத்தினாங்கன்னா சாயங்காலம்தான் வரும். அன்னைக்குக் கடை திறந்திருந்தும் திறக்காத மாதிரிதான். சரி, ஒரு ஜெனரேட்டர் வாங்கிடலாம்னு கடைக்குப் போயிருக்கான்.

அங்க விக்கிற பையன் சொன்னது: "2 எச்.பி.ன்னா 1500 வாட்ஸ்ங்ண்ணா. இது 2500 வாட்ஸ். தாராளமா இழுக்கும். மீதி 1000 வாட்ஸ்ல ஃபேன், லைட் எல்லாம் போட்டுக்கலாம்."

நல்லவேளை, பணம் கட்டறதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணினான். "அண்ணா, இது போதும்ங்கறாங்க. வாங்கிப் போடட்டுங்களா?"

வேண்டாம், அங்கேயே நில்லு, நான் வர்றேன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன்.

அந்தப் பையன் பொய் சொல்லல. அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். எனக்குக் கோபம் அந்தக் கழித்தல் கணக்கு மேல. 2500ல 1500 போச்சுன்னா மீதி 1000. இந்தக் கணக்கை எத்தனை கடையில, எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பாங்க! பல்பு வாங்கறதுக்கு இந்தக் கணக்கு சரி. மோட்டாருக்கு, அதுலயும் கம்ப்ரசர் மோட்டாருக்கு, இதை நம்பி வாங்கினா காசும் போகும், மோட்டாரும் போகும்.

எனக்கு ஏன் இவ்வளவு வேகம்னு சொல்லிடறேன். எங்க அப்பா மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருந்தார். வார்னிஷ் வாசனையில வளர்ந்தவன் நான். 2012 ஞாபகம் இருக்கா? சென்னைக்கு வெளியில ஒரு நாளைக்குப் பன்னெண்டு மணி நேரம், அதுக்கும் மேல கரண்ட் இல்லாம இருந்த வருஷம். ஊரெல்லாம் ஜெனரேட்டர் சத்தம். கடைக்கு வந்த மோட்டார்களைப் பிரிச்சா, பல கம்ப்ரசர் மோட்டார்ல ரன்னிங் காயில் புதுசு மாதிரி இருக்கும், ஸ்டார்டிங் காயில் மட்டும் கரியா இருக்கும். அப்பா மோட்டாரைக் கையில வாங்கினதுமே கேட்பார்: "ஜெனரேட்டர்ல ஓட்டினீங்களா?"

ஏன் அந்த ஒரு காயில் மட்டும் கரியாகுது? மோட்டார் முக்கால் வேகத்துக்கு மேல வந்தாத்தான் உள்ள இருக்கிற சென்ட்ரிஃபியூகல் ஸ்விட்ச் விடுபட்டு ஸ்டார்டிங் காயிலைக் கழட்டி விடும். அந்த காயில் ஒண்ணு ரெண்டு செகண்ட் வேலை செய்யறதுக்காகப் போட்டது. ஜெனரேட்டர் சரியாத் தூக்கலைன்னா மோட்டார் அந்த வேகத்துக்கே வராது. 'ம்ம்ம்'னு முனகிட்டே நிக்கும். காயில் உள்ளேயே மாட்டிக்கிட்டு வேகும். கூடவே கப்பாசிட்டரும் உப்பிப் போகும்.

இப்ப கணக்குக்கு வருவோம். (கணக்குன்னதும் ஓடிடாதீங்க. பெருக்கல் தெரிஞ்சா போதும்.)

1 எச்.பி. = 746 வாட்ஸ். அப்ப 2 எச்.பி.ன்னா கிட்டத்தட்ட 1500. அந்தப் பையன் சொன்னது இதுதான். ஆனா அது மோட்டார் புல்லியில வெளிய தர்ற பலம். உள்ள வாங்குறது அதைவிட ஜாஸ்தி. சின்ன சிங்கிள் பேஸ் மோட்டார்ல நூத்துக்கு எழுபத்தஞ்சு எண்பதுதான் வெளிய வரும், மீதி சூடாப் போயிடும். அப்ப உள்ள வாங்குறதே 2000 வாட்ஸ் ஆச்சு. பவர் ஃபேக்டரையும் சேர்த்தா 2.5 கேவிஏ. தம்பியோட மோட்டார் நேம் ப்ளேட்ல 11 ஆம்ப்ஸ்னு போட்டிருக்கு. 230 வோல்ட்டால பெருக்கிப் பாருங்க, அதே 2.5தான் வரும்.

ஆக, ஓடும்போதே அந்த 2500 வாட்ஸ் ஜெனரேட்டர் கிட்டத்தட்ட ஃபுல். மீதி 1000னு சொன்னது காகிதத்துல மட்டும்தான் இருக்கு.

இன்னும் ஸ்டார்டிங் கணக்கே வரல. நின்னுட்டு இருக்கிற இண்டக்‌ஷன் மோட்டார் கிளம்பற அந்த நொடியில, ஓடும்போது இழுக்கிறதைப் போல ஆறு மடங்கு இழுக்கும். சிலது அதுக்கும் மேல. தம்பி கடையில ஈபி கரண்ட்லேயே டாங் டெஸ்டர் போட்டுப் பார்த்தோம். உச்சத்தைப் பிடிச்சு வைக்கிற மீட்டர் அது. கிளம்பும்போது 60 ஆம்ப்ஸைத் தொட்டுச்சு. 60ஐ 230ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 14 கேவிஏ! அரை நொடி, ஒரு நொடிதான். ஆனா அந்த ஒரு நொடிதான் ஜெனரேட்டருக்குப் பரீட்சை.

தம்பி மீட்டரையே பார்த்துட்டு நின்னான். "ஏங்ண்ணா, அப்ப 14 கேவிஏ வாங்கோணுமா?"

வேண்டாம். இங்கதான் விஷயமே சுவாரஸ்யமாகுது.

ஈபி லைன் பின்னாடி பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கு, கேட்டதைக் கொடுக்கும். ஜெனரேட்டர் அப்படிக் கொடுக்காது. சட்டுனு வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் இறங்கினா மோட்டார் இழுக்கிற கரண்ட்டும் குறையும். அதனால 14 முழுசும் தேவைப்படாது. ஆனா வோல்டேஜ் இறங்கும்போது மோட்டாரோட சுத்துற பலம் அதைவிட வேகமா இறங்கும். வோல்டேஜோட வர்க்கம் அது. 230 இருக்க வேண்டிய இடத்துல 160 ஆச்சுன்னா பலம் பாதி ஆயிடும். பாதி பலத்துல கம்ப்ரசர் கிளம்புமா?

டேங்க் காலியா இருந்தா கிளம்பும். டேங்க்ல காத்து இருந்தா?

இதைத்தான் கடையில யாரும் சொல்றதில்ல. டெமோ காட்டும்போது கம்ப்ரசர் டேங்க் காலி. மோட்டார் ஜம்முனு கிளம்பும். வாங்குறவருக்கும் சந்தோஷம். ஆனா கம்ப்ரசர் ஒரு நாள்ல ஒரே ஒரு தடவை கிளம்பற மெஷின் இல்லையே. 8 பார் வந்தா பிரஷர் ஸ்விட்ச் நிறுத்தும். காத்து செலவாகி 6 பாருக்கு இறங்கினா மறுபடி கிளப்பும். அந்த ரெண்டாவது ஸ்டார்ட்தான் உண்மையான ஸ்டார்ட். மாவு பாதி அரைஞ்சிருக்கும்போது கிரைண்டரை நிறுத்திட்டு மறுபடி போட்டா கல்லு எப்படித் திணறும்னு வீட்டுல பார்த்திருப்பீங்க இல்ல, அந்த மாதிரி.

அதுக்காகத்தான் கம்ப்ரசர் செஞ்சவங்க ஒரு ஏற்பாடு வச்சிருக்காங்க. மோட்டார் நிக்கும்போது 'புஸ்ஸ்'னு ஒரு சின்னச் சத்தம் கேட்குமே, கவனிச்சிருக்கீங்களா? அதுதான் அன்லோடர். ஹெட்டுல இருந்து டேங்குக்குப் போற பைப்புல அடைபட்டிருக்கிற காத்தை வெளிய விட்டுடும். டேங்க்ல இருக்கிற காத்து திரும்பி வராம என்.ஆர்.வி.ங்கற நான் ரிட்டர்ன் வால்வு பிடிச்சுக்கும். அடுத்த தடவை கிளம்பும்போது பிஸ்டனுக்கு எதிர்ல அழுத்தம் இருக்காது. பைப் நிறையறதுக்குள்ள மோட்டார் வேகம் எடுத்துடும்.

எவ்வளவு அழகான யோசனை பாருங்க! ஒரு சின்ன வால்வு, ஒரு மெல்லிசான ட்யூப். இது ரெண்டும் சரியா இருந்தா வாங்குற ஜெனரேட்டர் சைஸே ஒரு படி குறையும்.

தம்பி கடையில அந்த 'புஸ்' சத்தமே வரல.

(ஈபி கரண்ட்ல இது தெரியாது. ஈபி எப்படியும் இழுத்துடும். ஜெனரேட்டர்தான் கம்ப்ரசரோட நோயைக் காட்டிக் கொடுக்கும்.)

சவுண்ட் சர்வீஸ்காரர்கிட்ட வாடகைக்கு ஒரு 5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கிட்டு வந்தோம். டேங்க் காலியா வச்சுப் போட்டோம். கிளம்பிடுச்சு. 8 பார் ஏறி நின்னுச்சு. தம்பி முகம் மலர்ந்து போச்சு, "இதே போதும்ண்ணா"ன்னான். இருப்பா, காத்தை விடுன்னேன். விட்டான். முள்ளு இறங்கி 6க்கு வந்துச்சு. பிரஷர் ஸ்விட்ச் 'டக்'குன்னுச்சு. மோட்டார் முனகுச்சு. ஜெனரேட்டர் குரல் அமுங்கிப் போச்சு, பல்பு மங்கி சிவந்துச்சு, ப்ரேக்கர் விழுந்துச்சு. காலி டேங்க்ல பாஸ், நிறைஞ்ச டேங்க்ல ஃபெயில்.

உடனே மெயினை நிறுத்தி, டேங்க்ல இருந்த காத்து முழுசையும் வெளிய விட்டுட்டு, அன்லோடர் ட்யூபைக் கழட்டினோம். எண்ணெயும் தூசும் சேர்ந்து அடைச்சுப் போயிருந்தது. என்.ஆர்.வி.யையும் பிரிச்சோம். உள்ள கரி. ரப்பர் ஒரு பக்கம் தேஞ்சு போயிருந்தது. ட்யூபை ஊதி, என்.ஆர்.வி.யைப் புதுசா மாத்தினோம். (காத்து ஒரு துளி இருந்தாலும் என்.ஆர்.வி.யைக் கழட்டக் கூடாது. தோட்டா மாதிரி வந்து அடிக்கும்.) ஸ்டார்டிங் கப்பாசிட்டரையும் அளந்து பார்த்தா அதுவும் மதிப்பு குறைஞ்சு போயிருந்தது, மாத்தியாச்சு.

மறுபடி அதே ஜெனரேட்டர். 8 பார் ஏத்தி, காத்தை விட்டு, 6ல கிளம்புதான்னு பார்த்தோம். பல்பு ஒரு இமை நேரம் மங்குச்சு, அவ்வளவுதான். கிளம்பிடுச்சு. மறுபடி விட்டுப் பார்த்தோம். மறுபடி கிளம்புச்சு. அந்தச் சத்தம் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்தது. சில நூறு ரூபாய் சாமான்ல ஜெனரேட்டர் செலவு பல ஆயிரம் குறைஞ்சிடுச்சே!

நீங்களே உங்க கடையில சோதிக்கலாம். மோட்டார் நிக்கும்போது 'புஸ்' வந்து ஒண்ணு ரெண்டு செகண்ட்ல நின்னா எல்லாம் நல்லா இருக்கு. சத்தமே வரலைன்னா அன்லோடர் வேலை செய்யல. சத்தம் நிக்காம வந்துட்டே இருந்தா என்.ஆர்.வி. ஒழுகுது, டேங்க் காத்து பின்னாடி வந்துட்டு இருக்கு. ஜெனரேட்டர் கடைக்குப் போறதுக்கு முன்னாடி இந்த ஒரு சத்தத்தைக் கேளுங்க. மத்த எல்லாம் அப்புறம்.

அடுத்தது ஒயர். இதைப் பத்திப் பேசினா நிறைய பேர் அசட்டையா இருப்பாங்க. ஜெனரேட்டர் சத்தம் தாங்காம கடைக்குப் பின்னாடி 30 மீட்டர் தள்ளி வச்சிட்டு, கையில கிடைச்ச ஒயரை இழுப்பாங்க. 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர்னா போக வர 60 மீட்டருக்கு சுமார் முக்கால் ஓம் தடை. 60 ஆம்ப்ஸ் போனா ஒயர்லயே 40 வோல்ட்டுக்கு மேல தொலைஞ்சிடும். ஜெனரேட்டர் ஏற்கெனவே இறங்கின வோல்டேஜைத்தான் கொடுக்குது. அதுல இன்னொரு 40 போனா மோட்டார் எங்க கிளம்பறது? 4 ஸ்கொயர் போட்டா அந்த இழப்பு 17 வோல்ட் பக்கம் வந்துடும். பெரிய ஜெனரேட்டருக்குப் போறதுக்கு முன்னாடி பெரிய ஒயருக்குப் போங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல கம்ப்ரசரைச் சொருகறதை தயவு செஞ்சு விட்டுடுங்க.

இன்னொண்ணு, பிரஷர் ஸ்விட்ச் அளவு. பைக்குக்கும் காருக்கும் 30, 35 பிஎஸ்ஐ காத்துதான். அதுக்கு ஏன் டேங்க்ல 120 பிஎஸ்ஐ? ஜெனரேட்டர் ஓடுற நாள்ல நிக்கிற அளவை 80 பக்கம் இறக்கி வச்சிக்கலாம். மோட்டாருக்குச் சுமை குறையும், டீசலும் மிச்சமாகும். மோட்டார் புல்லியை ஒரு சைஸ் சின்னதாப் போட்டுக்கிட்டாலும் சுமை குறையும். காத்து ஏற கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

இதெல்லாம் செஞ்ச பிறகுதான் எத்தனை கேவிஏங்கற கேள்விக்கு வரணும்.

நான் சொல்ற கைக்கணக்கு இது: நேம் ப்ளேட் ஆம்ப்ஸை வோல்டேஜால பெருக்கி (த்ரீ பேஸ்னா இன்னும் 1.73ஆலயும் பெருக்கி) கேவிஏ ஆக்குங்க, அதை மூணால பெருக்குங்க. (எச்.பி.யைப் பார்க்காதீங்க. சில மெஷின்ல ஒரு கணம் உச்சத்துல வர்ற பலத்தைப் பெருசா ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டி வச்சிருக்காங்க. ஆம்ப்ஸ்தான் நிஜம் பேசும்.) 1 எச்.பி. கம்ப்ரசர், பல் டாக்டர் க்ளினிக்ல வச்சிருக்கிறது மாதிரின்னா 4 கேவிஏ பக்கம் வரும். 2 எச்.பி. சிங்கிள் பேஸ்னா ஏழரை. கம்ப்ரசர் நல்ல நிலைமையில இருந்தா 5லயும் ஓடும், ஆனா கூட ஃபேன், லைட், வெல்டிங்னு எதையும் சேர்க்கக் கூடாது. 3 எச்.பி. த்ரீ பேஸுக்கு 10.

ஜெனரேட்டர் மேல எழுதியிருக்கிறதையும் நிதானமாப் படிங்க. 'மேக்ஸ்'னு ஒரு நம்பர் பெருசா இருக்கும், 'ரேட்டட்'னு ஒரு நம்பர் சின்னதா இருக்கும். சின்ன எழுத்துல இருக்கிறதுதான் நாள் முழுக்கத் தர்றது. கேவிஏயும் கிலோவாட்டும் ஒண்ணு இல்ல. 0.8 பவர் ஃபேக்டர்னு போட்டிருந்தா 10 கேவிஏங்கறது 8 கிலோவாட்.

பெட்ரோலா டீசலா? கம்ப்ரசருக்குன்னா என் ஓட்டு 1500 ஆர்.பி.எம். டீசலுக்கு. கையில தூக்கிட்டுப் போற பெட்ரோல் மெஷின் 3000 ஆர்.பி.எம்.ல ஓடுது, எடை கம்மி. சட்டுனு சுமை வந்தா வேகம் விழும். பழைய லிஸ்டர் வகை டீசல் இன்ஜின்ல ரெண்டு கைக்கும் அடங்காத ஃப்ளைவீல் இருக்கும் பாருங்க, அந்த இரும்புக்குள்ள சேர்த்து வச்சிருக்கிற வேகம்தான் மோட்டாரைத் தூக்கி விடுற அந்த ஒரு நொடிக்கு உதவுது. சத்தமே இல்லாம ஓடுற இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் இருக்கே, லேப்டாப்புக்கும் டிவிக்கும் அருமை. கம்ப்ரசருக்கு வேண்டாம். அதுக்குள்ள இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் கொஞ்சம் அதிகமா இழுத்தாலே கையைத் தூக்கிடும்.

அப்ப பெருசா வாங்கிப் போட்டுட்டா தொல்லை இல்லையேன்னு கேட்பீங்க. அதுவும் தப்பு. டீசல் இன்ஜினை எப்பவும் முப்பது சதவீதத்துக்குக் கீழ சுமை வச்சு ஓட்டினா உள்ள சூடே ஏறாது, டீசல் முழுசா எரியாது. சைலன்ஸர் மூட்டுல கறுப்பா எண்ணெய் வழியும். 2 எச்.பி. கம்ப்ரசருக்கு 25 கேவிஏ வாங்கி வச்சா அந்த இன்ஜின் சுமை இல்லாமலே கெடும்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. மேல போகப் போகக் காத்து லேசு. டர்போ இல்லாத இன்ஜின் 100 மீட்டருக்கு ஒரு சதவீதம் போல பலத்தை இழக்கும். ஊட்டி 2200 மீட்டருக்கு மேல. அங்க கீழ்நாட்டுக் கணக்குல வாங்காதீங்க, அஞ்சுல ஒரு பங்கு பலம் காணாமப் போயிடும்.

இனி எங்க மாமா கதை.

மாமாவுக்குப் பைபாஸ்ல லாரி டயர் கடை. 5 எச்.பி., டூ ஸ்டேஜ், த்ரீ பேஸ். லாரி டயருக்கு 110, 120 பிஎஸ்ஐ வேணும். சேலம் போற லோடு வண்டி வந்து நின்னா கரண்ட் இல்லைன்னு சொல்ல முடியுமா? அவரோட மோட்டார் ஓடும்போது ஏழரை ஆம்ப்ஸ், 415 வோல்ட், ஆக 5.4 கேவிஏ. நேரா ஸ்டார்ட் பண்ணினா 45 ஆம்ப்ஸ். அது 32 கேவிஏ! மூணு மடங்குக் கைக்கணக்குப்படி 16 கேவிஏ பக்கம் ஜெனரேட்டர் வேணும்.

ஆனா முதல்ல ஸ்டார் இணைப்புல கிளப்பி அப்புறம் டெல்டாவுக்கு மாத்துற ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் போட்டா கிளம்பற கரண்ட் மூணுல ஒரு பங்கு ஆயிடும். 10 கேவிஏல முடிச்சிடலாம். மாமா ரொம்ப சந்தோஷப்பட்டார். நான் ஒண்ணு சொன்னேன்: "மாமா, கரண்ட் மூணுல ஒண்ணு ஆகும்போது மோட்டார் பலமும் மூணுல ஒண்ணுதான். அன்லோடர் சரியில்லைன்னா ஸ்டார்ல நகரவே நகராது. டெல்டாவுக்கு மாறும்போது மொத்தமா இழுத்து ஜெனரேட்டரைப் படுக்க வச்சிடும்." சுத்திச் சுத்தி மறுபடி அந்த 'புஸ்' சத்தத்துக்கே வந்து நிக்குது பாருங்க.

இன்னொரு வழி, வி.எஃப்.டி. மோட்டாரை மெதுவா, பூஜ்யத்துல இருந்து வேகம் ஏத்திக் கொண்டு வரும். கிளம்பற இழுவையே இருக்காது. விலை இருக்கு, பஞ்சர் கடை தூசுல அது எத்தனை நாள் தாங்கும்ங்கறது வேற கேள்வி. மூடின பேனல்ல வைக்க இடம் இருந்தா நல்ல வழிதான். பெரிய கம்ப்ரசர் இருக்கிற பட்டறைக்கு நான் இதைத்தான் சொல்லுவேன்.

பெரிய டேங்க் வாங்கி கரண்ட் போறதுக்கு முன்னாடி நிரப்பி வச்சுக்கலாமேன்னு மாமா கேட்டார். நல்ல கேள்வி. தம்பி மாதிரி பைக் கடைக்கு அது சரிப்படும். 220 லிட்டர் டேங்க்ல 10 பார் இருந்தா, 3 பாருக்கு இறங்கறதுக்குள்ள 1500 லிட்டர் காத்து கிடைக்கும். பைக் டயருக்குக் காத்துக் கொஞ்சம் ஏத்திக் கொடுக்க சில லிட்டர் போதும். அரை நாள் சமாளிச்சிடலாம். லாரிக்கு நடக்காது. ஒரு டயர் உள்ளளவே 100 லிட்டருக்கு மேல. அதை 8 பாருக்கு ஏத்த 800 லிட்டர் காத்துக்கு மேல வேணும். டேங்கோ 10ல இருந்து 8க்கு இறங்கும்போது 440 லிட்டர்தான் கொடுக்கும். 8க்குக் கீழ போயிட்டா லாரி டயருக்கு ஏறவே ஏறாது. ஒரு டயர் கூடத் தேறாதுங்க.

வெளிப்படையா என் கருத்தைச் சொல்லணும்னா, கம்ப்ரசர் ஒண்ணை மட்டும்தான் ஓட்டணும்னா ஜெனரேட்டரே வேண்டாம். இன்ஜின் ஆல்டர்னேட்டரைச் சுத்தி, அது கரண்ட் ஆகி, அந்தக் கரண்ட் மோட்டாரைச் சுத்தி, மோட்டார் கம்ப்ரசரைச் சுத்துது. ஆல்டர்னேட்டர்ல கொஞ்சம் போச்சு, மோட்டார்ல கொஞ்சம் போச்சு. இன்ஜின் கொடுத்த 100ல 65 போலத்தான் கம்ப்ரசருக்கு வந்து சேருது. அதுக்குப் பதிலா இன்ஜின்ல இருந்து நேரா பெல்ட் போட்டா? நெடுஞ்சாலையோரம் கீத்துக் கொட்டகையில இருக்கிற பஞ்சர் கடையைப் பாருங்க, கரண்ட் கனெக்‌ஷனே இருக்காது. சின்ன இன்ஜின், ஒரு பெல்ட், ஒரு கம்ப்ரசர். வருஷக்கணக்கா ஓடிட்டு இருக்கு. ஸ்டார்டிங் கரண்ட், கேவிஏ எதுவும் அங்க கிடையாது. லைட்டுக்கும் ஃபேனுக்கும் வீட்டு இன்வெர்ட்டர் போதும்.

தம்பி கடையில ஃப்ரிட்ஜ் இருக்கு, கொஞ்சம் வெல்டிங் வேலையும் வருது. அதனால அவனுக்கு ஜெனரேட்டர்தான் சரின்னு முடிவாச்சு. புதுசு விலை ஏறிக் கிடக்கு. 2023 ஜூலை 1ல இருந்து ஜெனரேட்டர் புகைக்குப் புது விதி வந்திருக்கு. மூச்சு விடுற எல்லாருக்கும் அது நல்லது, ஆனா பை கனமா இருக்கணும். பழைய ஏழரை கேவிஏ டீசல் ஒண்ணு நல்ல நிலைமையில கிடைச்சுது. வாங்கறதுக்கு முன்னாடி கம்ப்ரசரையே மினி வண்டியில ஏத்திட்டுப் போயி, 8 பார் ஏத்தி, 6ல ரெண்டாவது ஸ்டார்ட் பார்த்த பிறகுதான் பணம் எண்ணினான். விக்கிறவர் கொஞ்சம் முறைச்சார். முறைச்சா முறைக்கட்டும். நீங்களும் இப்படிக் கேளுங்க, விடாதீங்க.

ஒரு விஷயத்துல மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச். ஜெனரேட்டர் ஒயரை ப்ளக் பாயிண்ட்ல சொருகி, மெயினை மட்டும் இறக்கி வச்சு ஓட்டுற ஆட்கள் இருக்காங்க. யாராவது மறந்து மெயினைத் தூக்கினா உங்க ஜெனரேட்டர் கரண்ட் தெருவுக்குப் போகும். ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாப் பின்னோக்கிப் போயி ஆயிரக்கணக்கான வோல்ட் ஆகும். பராமரிப்பு நாள்ல அந்த லைன் மேல ஒரு ஆள் ஏறி நிக்கிறார். லைன் செத்துக் கிடக்குன்னு நம்பி நிக்கிறார். ஈபியா ஜெனரேட்டரா, ரெண்டுல ஒண்ணுதான் வர முடியும்ங்கற மாதிரி ஸ்விட்சை ஒரு எலக்ட்ரீஷியனை வச்சுப் போட்டுடுங்க. எர்த்தும் சேர்த்து. தம்பி கடையில ஜெனரேட்டர் இறங்கறதுக்கு முன்னாடியே அது சுவத்துல ஏறிடுச்சு.

அப்புறம், மழைக்கு நனையுதுன்னு ஜெனரேட்டரைக் கடைக்குள்ள இழுத்து ஷட்டரைப் பாதி இறக்கி வைக்காதீங்க. அந்தப் புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், எழுந்திருக்க முடியாது. வெளியில தகரக் கூரை போட்டு வைங்க.

மாமா இன்னும் முடிவு பண்ணல. 10 கேவிஏயும் ஸ்டார் டெல்டாவுமா, இல்ல பழைய டீசல் இன்ஜின்ல பெல்ட் போட்டு அதே கம்ப்ரசரை ஓட்டலாமான்னு யோசிச்சிட்டு இருக்கார். நான் ரெண்டாவது கட்சி. திருச்செங்கோட்டுல ஒரு பட்டறைக்காரர் ஒரே பேஸ் ப்ளேட்ல ஒரு பக்கம் மோட்டார், ஒரு பக்கம் இன்ஜின், பெல்ட்டை மட்டும் மாத்திக்கிற மாதிரி செஞ்சு வச்சிருக்காராம். ஞாயித்துக்கிழமை மாமாவோட போயி அதைப் பார்க்கப் போறேன். ஓட்டிக் காட்டச் சொல்லி, டீசல் எவ்வளவு குடிக்குது, லாரி டயர் எத்தனை நிமிஷத்துல ஏறுதுன்னு அளந்துட்டு வந்து எழுதறேன்.